பல்கனியில் ஒரு மழைக்காடு

உமாசுதன் காப்புறுதிக் கம்பனியொன்றில் முகாமையாளர். ஆனால் அவரது விசிட்டிங் கார்டில் ‘வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்’ என்றுதான் இருந்தது. காடு அவருக்குப் பிடிக்கும், அட்டை கடிக்காத இடம்வரை. மழைக்காட்டு ஓரத்து விடுதியில் தங்கி, வாசலில் நின்று படமெடுத்துவிட்டு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

போன வைகாசியில் அங்கிருந்து பிஸ்கட் டின்னில் ஓர் ஓணானைக் கொண்டு வந்தார். பச்சை உடம்பு, மூக்கின்மேல் உருண்டைக் குமிழ். வெயில் எட்டாத ஈரக்காட்டு மரங்களில் ஒட்டிக்கொண்டு, இறங்கி வந்து மண்புழு தின்னும் பிராணி. பயந்தால் சிவந்த வாயைப் பிளந்து காட்டும். அதுவும் பலிக்காவிட்டால் செத்ததுபோல விறைத்துக் கிடக்கும். இதையெல்லாம் விருந்துகளில் அவர் ஒப்புவிப்பார்.

பம்பலப்பிட்டியில் ஆசிரியையாக இருக்கும் மனைவி தனுஷியா, பால் எடுக்க பிரிட்ஜைத் திறந்தாள்.

“இஞ்சேருங்கோ, இந்த டின்னுக்குள்ள என்ன?”

“தொடாதையும். குளிர்ந்தால்தான் ஆடாமல் இருக்கும்.”

“உயிரோடயோ?”

“ஓம், ஓம். கொஞ்ச நேரம்தான்.”

பிறகு பல்கனியில் அலங்காரத்துக்கு வைத்திருந்த குரோட்டன் சாடிமேல் அதை வைத்து, மழைத்துளிக்காகத் தண்ணீர் தெளித்தார். தலை நிற்கவில்லை, பல்லுக்குத்தும் குச்சியொன்றை முட்டுக் கொடுத்தார். படம் எடுத்து முடிந்தும் அது அசையவில்லை.

“நடிக்குது,” என்றார். “இந்த இனத்தின்ர குணம் அது.”

அது நடித்துக்கொண்டே இருந்தது. நாற்றம் எடுத்த பிறகும் அவர் கிட்டப் போகவில்லை. தனுஷியாதான் கையுறை போட்டு எடுத்து, கீழே தோட்டத்தில் புதைத்தாள். கோபத்தைவிட அருவருப்புத்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் அந்தப் படத்துக்கு முதற் பரிசு கிடைத்தது. காட்டில் குரோட்டன் எங்கிருந்து வந்தது என்று நடுவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பரிசளிப்பு மண்டபத்தில் உமாசுதன் விளக்கம் சொன்னார்:

“அட்டைக்கடியோட நாள்கணக்கா காத்திருந்தனான். அது என்னை நம்பின பிறகுதான் பட்டனை அமத்தினனான்.”

“எங்கட பிரிட்ஜுக்குள்ள வச்சு அதைக் கொன்றவர்,” என்றாள் தனுஷியா, எல்லோருக்கும் கேட்க. “இது எங்கட பல்கனி.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“மிஸிஸுக்கு நல்ல பகிடி வரும்,” என்று தலைமை நடுவர் உமாசுதனின் முதுகில் தட்டினார். உமாசுதனும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவரோடு கதைக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது ஞாயிறுகளில் அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்: ‘காட்டு விலங்குகளும் வாழிடங்களும்’. நல்ல கூட்டம். பெற்றோர் வர முன்னமே தனுஷியா கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிடுவாள், கூடப் படிப்பிக்கும் ரொஷேல் வீட்டுக்கு. அங்கே அவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.