காபிக்கு முன்னால் ஒரு மாத்திரை

மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் பாக்கைத் தரம் பிரிப்பது என் வேலை. நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூசுகிற ஆள் நான். பேச்சு வேண்டாத வேலை என்பதால் இருபது வருடமாக அங்கேயே இருக்கிறேன். போன வருடம் பாக்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தேன். முகம் ஊதியது, குரல் தடித்தது. "ஏனுங்க, ஊட்டுல தூங்க உடறதில்லீங்களா?" என்று மண்டியில் சிரித்தார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா தைராய்டு என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கழுத்துச் சுரப்பியை எதிரி என்று நினைத்து அழிக்கிறதாம். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பத்தில், நோயைப் பற்றி யார் கேட்டாலும் இல்லை என்றே சொல்லிப் பழகிய வாய். அக்கா மகளின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் இதையே கேட்டபோதும், தாய்மாமன் என்ற முறையில் சபையில் இல்லை என்று சொன்னவன் நான்தான்.

டாக்டரம்மா விடவில்லை. "இது சொத்து மாதிரி அப்படியே வர்றதில்லீங்க. ஒரே ஒரு மரபணுவால வர்றதும் இல்லை. பல மரபணுங்க சேர்ந்து, வர்றதுக்கு ஒரு வாய்ப்பைத்தான் குடுக்குது. பொம்பளைங்களுக்கு அதிகம். கூடப் பொறந்தவங்களையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க."

என் பையனுக்குப் பார்த்தேன், இல்லை. அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. பெண்களுக்கு வருகிற நோய் எனக்கு வந்திருக்கிறது என்று சொல்லக் கூச்சம்.

மாரியம்மன் நோம்பிக்கு அக்கா வீட்டில் தங்கினேன். விடிந்ததும் மாத்திரை டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே அக்கா முதுகைக் காட்டி நின்று, அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் அதே டப்பா. திரும்பியவள் என் வேட்டி மடிப்பில் துருத்திய டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"உனக்குமாடா?" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, "எனக்கு வேண்டுதல், அரை மணி கழிச்சுத்தான்" என்பாள் அக்கா. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். மாமாவே அதை வேண்டுதல் என்றுதான் நம்பியிருந்தார்.

"பாப்பாளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் மகள் அந்தியூரில் வாழ்க்கைப்பட்டு, அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். அக்காவின் சிரிப்பு நின்றது.

"சபையில இல்லைன்னு சொன்னது நீதாண்டா. இப்ப இருக்குதுன்னா அவளை என்ன பேச்சுப் பேசுவாங்க? வாயத் தொறந்துபோடாதே சாமி."

ஊருக்குத் திரும்பியதும் நேராக டாக்டரம்மாவிடம் போனேன். முதல் சில மாதம் குழந்தை தாயின் சுரப்பியைத்தான் நம்பியிருக்கும், உடனே பார்த்துவிடுங்கள் என்றார். மறுநாளே அக்காவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, தட்டில் வைக்கப் பழம் வாங்கி, அந்தியூர் பஸ் ஏறினேன். "எனக்கு உள்ளதை நான் சொல்றேன், உன்னைப் பத்தி மூச்சு விட மாட்டேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பேச வேண்டியதை வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "எனக்குத் தைராய்டு இருக்குதுங்க. ரத்த சொந்தத்துல வரலாமுங்களாம். பாப்பாளுக்கும் பாத்துப்போடோணுமுங்க" என்றேன். தயார் செய்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

"ஏனுங் தம்பி, உங்களுக்கு வந்ததுக்கு எம் மருமகளுக்கு எதுக்கு ஊசி குத்தோணும்? பெத்தவங்க ஒரு நோயுமில்லாமக் கல்லாட்ட உக்காந்திருக்காங்கல்ல?"

அக்கா தரையைப் பார்த்தாள். காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன். எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டுக் காபியைத் தொடாமல் வைப்பது சண்டைக்குச் சமம்.

"பாக்கறேன்னு சொல்றவரைக்கும் எந்திரிக்க மாட்டேனுங்க."

அக்கா பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்துப் பழத்தட்டில் வைத்தாள். "எனக்கும் இருக்குதுங்க. பாப்பாள் பொறந்ததுலருந்து."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப அன்னிக்குச் சபையில சொன்னது?"

"தப்புத்தானுங்க."

"இத்தனை நாள் மறைச்சதும் இல்லாம, காபி வேண்டாம்னு ராங்கி வேற! குடிங்க மொதல்ல. ஏ அம்மணி, சீலை மாத்து. லேப்புக்குப் போயிட்டு வந்தர்லாம்" என்று உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டார்.

பாப்பாளுக்கும் சுரப்பு குறைவாகத்தான் இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள். ஒவ்வொரு மாதமும் பார்த்து அளவைச் சரிசெய்கிறார்கள். சம்பந்தியம்மாவின் கோபம் முழுதாகத் தீரவில்லை. "சபையில பொய் சொன்ன மாமன்" என்பதுதான் அந்த வீட்டில் என் பெயர்.

போன வாரம் ஏழாம் மாதக் கட்டுச்சோறு, எங்கள் பக்கத்து வளைகாப்பு. முந்தின நாளே போய்த் தங்கினோம். காலையில் சம்பந்தியம்மா எல்லோருக்கும் காபி ஊற்றினார். மூன்று டம்ளரை மட்டும் கவிழ்த்து வைத்தார். வந்திருந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஏன் என்று கேட்டாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்.

கூடத்தில் பதினைந்து பேராவது இருப்பார்கள். "எங்க மூணு பேருக்கும் தைராய்டுங்க. அரை மணி கழிச்சுத்தான் காபி" என்றேன்.