மச்சு வழியாகப் போன அம்மா

கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தைச் செங்கல்மேல் அப்பிய ஓசைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்கு எட்டு வயது. திருவனந்தபுரம் கோட்டைக்குள், இன்று லாட்ஜுகள் நிற்கும் எங்கள் அக்கிரகாரத்தில், வீடுகள் தோளோடு தோள் ஒட்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு சிறிய கதவு. அதைத் திறந்தால் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தையின் வீடு. கணவரை இழந்து தனியாக இருந்தவள். நாங்கள் நான்கு பெண் குழந்தைகள்; எங்களுக்கு அவள்தான் தலை பின்னிவிடுவாள்.

அந்தக் கோடையில் அத்தைக்கு வசூரி கண்டது. பெரியம்மையை அங்கே அப்படித்தான் சொல்வோம். தெருப் பெரியவர்கள் அவள் வாசலில் வேப்பிலை செருகி, யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். அப்பா கொத்தனாரை அழைத்து, கதவைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தை அடைத்தார்.

"உங்க கூடப் பொறந்தவளாச்சே. ஒரு வாய் கஞ்சி யார் கொடுப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"நாலு குழந்தைகள் இருக்கு. என்னை என்ன செய்யச் சொல்றே?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

எங்கள் தெருவில் சுவர்கள் கூரைக்கடியில் பரண்போல இருக்கும் மச்சோடு நின்றுவிடும். அதற்குமேல் ஓட்டுக்கூரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒன்றுதான்; குனிந்தபடி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் மத்தியானம் அம்மா தூக்குப்பாத்திரத்துடன் மச்சுக்கு ஏணியில் ஏறினாள்.

"போனா திரும்பி வர முடியாதுடீ," என்றார் அப்பா.

"சாரமில்லை, பரவாயில்லை. குழந்தைகளைப் பாத்துக்கோங்கோ." குனிந்து, கூரையிருட்டுக்குள் போய்விட்டாள்.

பிறகு எங்களுக்கு அம்மா என்பது சுவருக்கு அப்பாலிருந்து வரும் குரல்தான். "சாப்பிட்டேளா?" என்பாள். செங்கல்லில் வாயை வைத்துக்கொண்டு பதில் சொல்வோம். ஒருநாள் அம்மாவுக்குப் பதில் அத்தை பேசினாள். "எனக்கு ஜுரம் விட்டுடுத்து. மன்னிக்குக் கண்டிருக்கு, அண்ணா."

அம்மா பிழைக்கவில்லை. சுடுகாட்டிலிருந்து வந்து தலைமுழுகிய ஈரம் காயுமுன்பே, அப்பா கடப்பாரையை எடுத்து அந்த அடைப்பைத் தாமே இடித்தார். தூசிக்கு அப்பால் அத்தை நின்றாள். முகமெல்லாம் வடு; ஒரு கண் வெளுத்துப் போயிருந்தது. நாங்கள் பயந்து பின்வாங்கினோம். கடைசித் தங்கை மட்டும் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

அத்தைதான் எங்களை வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தாள். அப்பாவுக்கும் கடைசிவரை சமைத்துப் போட்டாள். "சாதம் ஆறறது", "மழை வரது" என்று வேண்டியதைச் சொல்வாள். 'அண்ணா' என்று மட்டும், சுவருக்கு அப்பாலிருந்து சொன்ன அந்த நாளுக்குப் பிறகு, அவள் கூப்பிட்டதே இல்லை. அவள் பேசத் தொடங்கும்போதெல்லாம் அப்பா ஒரு கணம் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.