புதன்கிழமை ஓடாத கார்டு

எதை வாங்கினாலும் இந்துமதிக்கு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். குக்கர் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டிலும் தண்ணீர் ஊற்றி விசில் அடித்துக் காட்ட வேண்டும். ரவிச்சந்திரன் பெண் பார்த்துவிட்டுப் போனபோதுகூட, "இன்னொரு இடமும் வருதாம், அதையும் பார்த்திட்டுச் சொல்றேன்" என்று அவள் சொன்னது மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. அந்த இன்னொருவர் கூடலூர் லாரி ஆபீஸில் வேலை பார்த்தவர். அவரையும் பார்த்துவிட்டு, ரவிச்சந்திரனே தேவலை என்று முடிவு சொன்னாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் 'தேவலை' என்ற சொல் காதில் விழுந்தால் ரவிச்சந்திரனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

இரண்டு குடும்பமுமே சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். ரவிச்சந்திரனுக்கு நடுவட்டத்து எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்களைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. விற்கிற காசு பறிக்கிற கூலிக்கே காணாது என்று சிலர் கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். ஃபேக்டரி புதனும் சனியும் மட்டும் ஓடியது. மற்ற நாளெல்லாம் ஆம்பிளைகள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்று, போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் விமர்சனம் செய்தார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இந்துமதிக்கு யோசனை வந்தது. கல்யாணத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சின்னக் கடையைப் பிடித்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தாள். மனு டைப் அடிப்பது, போட்டோவுக்குப் பின்னால் நீல வானம் போடுவது என்று ஆரம்பித்தாள். ஆனால் கூட்டம் கூடியது கார் ரேஸ் விளையாட்டுக்குத்தான். மீசை நரைத்தவர்கள்கூடத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. பழைய கம்ப்யூட்டருக்கு அந்த விளையாட்டின் படங்களை வேகமாக வரைய முடியவில்லை. கார் ஒரு வளைவில் தெரியும், அடுத்து இன்னொரு வளைவில் தெரியும். நடுவில் ரோடே கிடையாது.

"கல்லட்டி எறக்கத்துல லோடோட வண்டி ஓட்டியிருக்கேங்க, ஒரு நாளும் பள்ளத்துல விழுந்ததில்லை" என்றான் எஸ்டேட் டிராக்டர் டிரைவர் வேலன். "இங்க உக்காந்தா விழுந்துட்டே இருக்கேன். நாலு பேரு பார்க்கறாங்க, மானம் போகுதுங்கக்கா."

படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்று அவளுக்குத் தெரியும். புதுக் கார்டு வாங்க வழியில்லை. வெலிங்டனில் ராணுவ ஆபீஸில் சிவிலியன் கிளார்க்காக இருக்கும் விஜயபாஸ்கரிடம் பழைய கார்டுகள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினாள்.

விஜயபாஸ்கரின் குவார்ட்டர்ஸில் அரிசி டப்பாவைத் தவிர மற்ற எல்லா டப்பாவிலும் கம்ப்யூட்டர் சாமான் இருந்தது. அவர் இரண்டு கார்டுகளைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி எடுத்து வந்தார். ஒன்று சிவப்புப் பலகை, மேலே சின்ன ஃபேன். மற்றது பச்சைப் பலகை, ஃபேன் இல்லை, சூடு தணிய ஒரு அலுமினியத் தகடு மட்டும்.

"ஏனுங்க, ரெண்டு கார்டுலயும் மெமரி ஒரே அளவுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க" என்றார். "மெமரியிலிருந்து சிப்புக்குப் போற பாதை சிவப்புல ரெண்டு மடங்கு அகலமுங்க. பச்சையில ஒத்தையடி. சிவப்பு ஒரு வினாடிக்கு நாப்பது படம் வரையும். பச்சை இருபதைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கும். ஆனா சிவப்பு கரண்ட் ஜாஸ்தி தின்னும், தனியா ஒரு ஒயர் குடுக்கணும்."

"விலை?"

"பச்சை மாதிரி ஒண்ணரை மடங்குங்க சிவப்பு."

வேகம் இரண்டு மடங்கு, விலை ஒன்றரை மடங்கு. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சிவப்பை வாங்கியிருப்பார்கள். இந்துமதி சொன்னாள்: "ரெண்டையும் குடுங்க சார். போட்டுப் பார்த்திட்டு ஒண்ணைத் திருப்பித் தந்திடறேன்."

விஜயபாஸ்கர் இரண்டு கார்டையும் துணியோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது என்ன சேலைங்களா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் பார்க்க?"

சமையல் கட்டிலிருந்து அவர் மனைவி உமாராணி எட்டிப் பார்த்தாள். "கொடுத்து விடுங்க. ஒரு வாரமாச்சும் ரெண்டு டப்பா குறையட்டும். முடிஞ்சா மூணாவதா ஒண்ணையும் எடுத்துட்டுப் போங்கம்மா."

திங்கட்கிழமை சிவப்புக் கார்டைப் பொருத்தினாள். கடையில் இருந்தவர்கள் திரையை நெருங்கி வந்தார்கள். ரோடு தண்ணீர் மாதிரி ஓடியது. ஓரத்து மரங்களுக்கு இலை இருந்தது. வேலன் ஒரு பள்ளத்திலும் விழாமல் முதலாவதாக வந்து, எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டான். செவ்வாயும் அப்படியே.

புதன்கிழமை கடையில் யாருமில்லை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தது மாமனார் அழகையா மட்டும்தான். எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் முன்னால் விளையாட வெட்கம், அதனால் ஆளில்லாத நாளாகப் பார்த்து வருவார். அவர் ரேஸ் காரை இடது ஓரமாக, மாட்டு வண்டிக்கு வழி விடுகிற மாதிரி ஓட்டுவார். பின்னால் வருகிற கார்களைக் கையைக் காட்டி முன்னால் போகச் சொல்லுவார்.

அன்று அவர் முதல் வளைவில் திரும்பும்போதே கம்ப்யூட்டர் அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. திரும்ப ஆரம்பித்தார், திரும்ப அணைந்தது. "என்னா புள்ள, நான் என்னாத்தையும் அமத்தலயே" என்றார் பாவமாக.

இந்துமதி சிவப்பைக் கழற்றிப் பச்சையைப் போட்டாள். படம் கொஞ்சம் நொண்டியது, ஆனால் அணையவில்லை. வியாழக்கிழமை சிவப்பை மறுபடி போட்டாள், சாயங்காலம் வரை ஓட்டமாக ஓடியது. சனிக்கிழமை மறுபடி மக்கர். விஜயபாஸ்கருக்கு போன் போட்டாள்.

"சார், உங்க சிவப்புக் கார்டு புதனும் சனியும் ஓட மாட்டேங்குது."

"ஏனுங்க, அது கார்டுங்க. அதுக்குக் கிழமையெல்லாம் தெரியாதுங்க."

"பச்சை எல்லா நாளும் ஓடுது சார்."

மறுமுனையில் அவர் "புதன், சனி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "கடையில லைட்டு மங்குதுங்களா, பாருங்க" என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். குண்டு பல்பு சோகை பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது. ஃபேக்டரி பக்கமிருந்து ஃபேன்களின் 'ஊ...' சத்தம் வந்துகொண்டிருந்தது. புரிந்துவிட்டது. ஃபேக்டரி மோட்டார்களைப் போட்டால் அந்த வரிசைக்கே கரண்ட் இறங்குகிறது. கொஞ்சமாகத் தின்கிற பச்சை சமாளித்துக்கொள்கிறது, சிவப்பு மயக்கம் போட்டுவிடுகிறது. அந்த மோட்டார்களைப் போடுகிற ஆள் அவள் புருஷன்.

வீட்டில் சாப்பிடும்போது அவள் விளக்கினாள். "ஃபேக்டரி மூடியிருக்கிற நாள்லதான் காசு கொடுத்து விளையாட ஆள் வருது. அன்னிக்கு சிவப்பு நல்லா ஓடுது. ஃபேக்டரி ஓடற நாள்ல ஆளே வர்றதில்ல. அதனால சிவப்புதான் லாபம்."

ரவிச்சந்திரன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்ப ஃபேக்டரி மூடியே கிடக்கணும்னு வேண்டிக்கிட்டு ஒரு கார்டு வாங்கறே."

"நான் ஏங்க வேண்டணும்? ஓடினா நீங்க சம்பளம் கொண்டு வாங்க. ஓடாட்டி சிவப்பு கொண்டு வரட்டும். ஒண்ணு போனா ஒண்ணு இருக்குல்ல."

அவர் யோசித்துப் பார்த்தார். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. "உனக்கு நான் தேவலையா, சிவப்பு தேவலையா?" என்று கேட்டே விட்டார்.

"உங்களுக்கு ஒயர் கொடுக்க வேண்டியதில்ல" என்றாள். ரவிச்சந்திரன் சிரிக்கக்கூடாது என்று தண்ணீரைக் குடித்தார், புரை ஏறிவிட்டது.

அழகையா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை திரும்பிப் போனால் அவருடைய புதன்கிழமையும் போய்விடும் என்பதை அப்போதுதான் இந்துமதி கவனித்தாள். காசு தராத ஒரே ஒரு கிராக்கி. அவருக்காக இரண்டாவது கார்டு வாங்குவது எந்தக் கணக்கிலும் வராது. வராது என்று தெரிந்தும் அவள் மனதுக்குள் இன்னொரு தடவை கணக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கார்டைத் திருப்பித் தர வெலிங்டனுக்குக் கிளம்பினாள். "நானும் வாறேன்" என்று அழகையா ஒரு சாக்குப் பையோடு பஸ்ஸில் ஏறினார். பையில் என்ன என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் பையைக் கவிழ்த்தார். எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த பந்தலிலிருந்து பறித்த மேரக்காய் என்கிற சௌசௌ, அவரைக்காய், ஒரு கட்டுக் கீரை. "ஐயா, அந்தச் சிவப்புக்கு எங்க புள்ள காசு தரும். இந்தப் பச்சையை எனக்குக் குடுங்க. மாசா மாசம் மரக்கறி கொண்டாந்து தாறேன்."

"பெரியவரே, பச்சை ரொம்ப மெதுவுங்களே" என்றார் விஜயபாஸ்கர்.

"நான் அம்புட்டு வேகமா போறதில்லீங்க."

விஜயபாஸ்கர் தலையைச் சொறிந்தார். விலை, வேகம், பாதையின் அகலம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மேரக்காயில் கணக்குப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. அதற்குள் உமாராணி காய்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "இவருகிட்ட இன்னும் நாலு கார்டு இருக்குங்க பெரியவரே, அதுக்கு கேரட் கிடைக்குமா பாருங்க" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. வியாபாரம் முடிந்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. கடை நிறைந்திருந்தது. வேலன் கடைசிச் சுற்றில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தான். எதிர்பாராத விதமாக ஃபேக்டரி சங்கு ஊதியது. எங்கிருந்தோ ஆர்டர் வந்துவிட்டதாம், உடனே ஆள் வேண்டுமாம். கடையில் நின்று வேடிக்கை பார்த்த ரவிச்சந்திரன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"அண்ணா, ஒரே ஒரு வளைவு! அதுவரைக்கும் மோட்டாரைப் போட்டுடாதீங்க!" என்று வேலன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான்.

முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது பல்பு மங்கியது. திரை இருண்டது. வேலன் ஃபேக்டரி திசையைப் பார்த்து ரவிச்சந்திரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தான். கடையில் அவ்வளவு சிரிப்பு. சிரித்துக்கொண்டே எல்லோரும் வேலைக்கு ஓடினார்கள், திட்டிக்கொண்டே வேலனும்.

ஆள் நடமாட்டம் அடங்கியதும் அழகையா வந்தார். இந்துமதி திருப்புளியை எடுத்துச் சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டிக் கொடுத்தாள். அவர் இடது ஓரமாக, ஒவ்வொரு வளைவிலும் நிதானித்து, ஒருவரையும் இடிக்காமல் கோட்டைத் தாண்டினார். அவர் ஒரு ரேஸை முழுதாக முடித்தது அன்றுதான்.

"எத்தனாவது புள்ள?"

"ஆறாவது மாமா."

"மொத்தம் எத்தனை பேரு?"

"ஆறு பேர்."

"பரவால்ல" என்றார் அழகையா. "எல்லாரும் பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்கல்ல."