சூடு ஆறாத போர்வை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது என் சித்திக்கு நடந்தது. பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில்.

சித்திக்கு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் வேலை. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். உடம்புச் சூடும் இறங்கிவிடும். வயதானவர்கள் என்றால் வெடவெடவென்று நடுங்குவார்கள். அது வராமல் இருக்க, மின்சார அலமாரியில் போர்வைகளைச் சூடாக்கி வைப்பது அவள் பொறுப்பு.

அன்று இடுப்பெலும்பு உடைந்த ஒரு பெரியவர்.

"இவருக்கு இதயம் ரொம்ப வீக். நடுக்கம் வந்தா தாங்காது. போர்வை சூடா இருக்காக்கா?" என்று கேட்டார் மயக்க டாக்டர்.

"இருக்கு டாக்டர்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். அலமாரியில் விளக்கு எரியவில்லை. காலையில் சுவிட்சே போடவில்லை.

மணி 10:05. ஊசி போட்டாயிற்று. அலமாரிக்குள் கையை விட்டாள்.

மேலே இருந்த போர்வை சூடாக இருந்தது.

மற்றதெல்லாம் ஜில்லென்று. இது மட்டும்... யாரோ படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போன சூடு.

பெரியவரின் மார்பில் போர்த்தினாள்.

"காலு ரெண்டும் லீவுல போயிடுச்சும்மா" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "இதை யாரு போர்த்தியிருந்தாங்க?"

"யாருமில்லைங்க. பேசாம படுங்க."

10:40. கால் மணியில் ஆற வேண்டிய போர்வை. ஆறவில்லை. அவரும் நடுங்கவில்லை.

10:52. போர்வை ஏறி இறங்கியது. மூச்சு விடுகிறார், வேறென்ன?

அவர் முகத்தைப் பார்த்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கில் ஆவி படிந்தது, மறைந்தது. மூன்று முறை.

போர்வை ஒரு முறைதான் ஏறியது.

ஹ்ஹ்க்...

சத்தம் போர்வைக்குள்ளிருந்து.

11:07. போர்வை இறங்கியது.

ஏறவில்லை.

தொட்டாள். ஐஸ்.

பெரியவரின் பற்கள் கடகடவென்று தந்தியடித்தன.

"டாக்டர்... நான் அலமாரியைப் போடவே இல்ல."

"இதை இப்பவா சொல்றது!" டாக்டர் மருந்து ஏற்றினார். சூடான காற்று ஊதும் மெஷினை உருட்டி வந்தார்கள். நடுக்கம் நின்றது. பெரியவர் பிழைத்தார்.

சாயங்காலம் மாடி வார்டு நர்ஸ் இறங்கி வந்தாள்.

"அடுத்த ஆபரேஷனுக்கு வெச்சிருந்தோமே, அந்த வயசான அம்மா... 11:07க்குப் போயிட்டாங்கக்கா. மூணு போர்வை போர்த்தியும் குளிருது குளிருதுன்னே இருந்தாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"என்னமோ உளறல். ஒருத்தி உள்ள கையை விட்டு என் போர்வையை உருவுறாளேன்னு அழுதாங்க."