பத்துக்கு இரண்டு வாங்கியவள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மெல்பனில் குளிர் கடுமையாக இருந்த ஒரு சனிக்கிழமைக் காலை. கிளென் வேவர்லியில் ஒரு சமூகக் கூடத்தில், மலேசியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு மலாய் மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று வாசிப்புத் தேர்வு. ஃபெரிப் படகில் ஏறி வீடு திரும்பும் ஒருவரைப் பற்றிய மூன்று பக்கக் கதை, பத்துக் கேள்விகள். தேறியவர்கள் அடுத்த தவணையில் மேல் வகுப்புக்குப் போவார்கள்.

எட்டுப் பேர் எட்டுக்கு மேல் வாங்கினார்கள். பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி மட்டும் இரண்டு விடைகளோடு நிறுத்தியிருந்தாள். கதையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அவளுக்குக் கதை புரியவில்லை என்று முடிவு செய்தேன். கீழ் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு, தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். கணவர் மலேசியாவில் ஈப்போக்காரர், இவர் யாழ்ப்பாணம். தோழிகள் எல்லாரும் மேலே போனால், தான் இனி வகுப்புக்கே வரமாட்டேன் என்று மகள் சொல்கிறாளாம்.

“கோவிக்காதேங்கோ ரீச்சர். கதை பிழை எண்டு ஒரு கிழமையா சொல்லிக்கொண்டு இருக்கிறா. எனக்கு மலாய் தெரியாது. நீங்களே ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.”

கேட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கியவள், அம்மாவைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

“கதையில அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டார். பிறகு ஏன் ஃபெரிக்கு லைன்ல நிக்கிறார்?”

தாளை வாங்கிப் புரட்டினேன். இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் இடம் மாறியிருந்தன. ஒன்பது பிரதிகளையும் அடுக்கி ஸ்டேப்பிள் அடித்தவள் நான்தான். திருத்தும்போதும் விடைகளைப் பார்த்தேனே தவிர, கதையைப் படிக்கவில்லை.

மற்ற எட்டுப் பேரிடம் தாளை மூடிவிட்டுக் கதையைச் சொல்லச் சொன்னேன். இருவரால்தான் முடிந்தது. மற்றவர்கள் கேள்வியில் உள்ள சொல்லைத் தேடி, அந்தச் சொல் இருந்த வரியை அப்படியே எழுதியிருந்தார்கள். அப்படி விடை எழுதப் பழக்கியதும் நானே.

எல்லாருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மேல் வகுப்புக்குப் போனாள். அன்றிலிருந்து என் வகுப்பில் பிள்ளைகள் முதலில் கதையைத் தங்களுக்கு வரும் மொழியில் சொல்ல வேண்டும். கேள்விகள் அதற்குப் பிறகுதான்.

ஒரு பிள்ளை விடை எழுதாமல் விட்ட இடத்தைப் பார்த்தால், நான் கொடுத்ததை முதலில் நான் ஒழுங்காகப் படித்தேனா என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.