ஞாயிற்றுக்கிழமைக் கடல்

போன ஆவணி விடுமுறையில் நடந்தது இது. நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிறந்த வேதக்காரப் பெண், அதாவது கிறிஸ்தவப் பெண். விசுவமடுவில் நெல் விதைக்கும் சைவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பல வருடங்களாகின்றன. வெளிநாட்டிலிருந்து, நான் அத்தான் என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணாவும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். அவர்கள் திரும்பிப் போவதற்குள் எல்லோரும் ஒரு நாள் எங்காவது போய்வருவோம் என்று முடிவாகி, வாடகைக்கு ஒரு வான் வண்டியும் பிடித்தாயிற்று. எங்கே போவது என்பதில்தான் சண்டை.

அத்தானுக்குக் குளக்கரைதான் வேண்டும். வயல்காற்று, மருதமர நிழல், நல்ல குளிப்பு, கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமையல். குளிப்பது ஆண்கள், சமைப்பது நாங்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்! ஆனால் எனக்குக் கோபம் வந்தது அதற்காக இல்லை. நான் கடல் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, என் சின்ன மகளுக்கு முன்னாலேயே, "கடல் ஆக்களைக் கொல்லும். அங்கை போய் என்ன விளையாட்டு?" என்றார். மகள் பயந்துபோய் என்னை ஒட்டிக்கொண்டாள். அதன்பிறகு கடல் என்ற பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடும். என் ஊரை நினைத்து என் பிள்ளையே பயப்படுவதா? என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"கடலுக்குத்தான் போறம். இவள் கரைவலை இழுக்கிறதைப் பாக்கோணும்" என்று ஒரே பிடியாக நின்றேன். கரையில் ஆட்கள் வரிசையாக நின்று வலையை இழுத்துப் போடுவதையும் மீன் துள்ளுவதையும் ஒருமுறை கண்டால் பயம் ஓடிவிடும் என்பது என் எண்ணம். "சரி, இந்தமுறை இவளின்ரை விருப்பத்துக்கு விடுவம்" என்றார் கணவர்.

போய் இறங்கினால், கரை வெறிச்சோடிக் கிடந்தது. படகுகளெல்லாம் மேலே ஏற்றிவிடப்பட்டிருந்தன. வலைகள் குவியலாகக் கிடந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் வெளுத்த உடுப்புடன் வேதக்கோயில் பூசை முடிந்து வரும் சனத்தைக் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை! எங்கள் சனம் ஞாயிறு கடலுக்குத் தொழிலுக்குப் போகாது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம் அது. நெல்லுக்கு ஏது ஞாயிறு? வயல் வேலையோடு வேலையாக எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அத்தானுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "கடற்கரையிலை பிறந்தவாவுக்கு ஞாயிறு தெரியேல்லை! வாங்கோ, இன்னும் நேரமிருக்கு. குளத்துக்குப் போவம்."

கணவரும் வான் பக்கம் திரும்பினார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. ஆனால் இப்போது திரும்பினால், மகள் கடலை விட்டு ஓடிவந்த நாளாகத்தானே இதை நினைவில் வைத்திருப்பாள்?

"நான் மீன் பாக்க வரேல்லை, அத்தான்" என்று செருப்பைக் கழற்றினேன். பச்சைப் பொய். மீனைக் காட்டத்தான் கூட்டிவந்திருந்தேன். மகளிடம் கையை நீட்டினேன். அவள் அசையவில்லை.

"ஆக்களைக் கொல்லுமெண்டு பெரியப்பா சொன்னவர்."

"ஓம், கொல்லும்தான். உன்ரை அம்மப்பாவையும் சுனாமியிலை இந்தக் கடல்தான் கொண்டுபோனது. அவர் எங்களுக்குச் சோறு போட்டதும் இதிலைதான். அம்மா பக்கத்திலை நிக்கிறன். வா."

இதை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தானின் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு அது தெரியாத விஷயமில்லை; மறந்திருந்தார், அவ்வளவுதான்.

மகள் என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் அலை காலில் பட்டதும் வீரிட்டாள். அடுத்ததற்கும் வீரிட்டாள். பிறகு எப்போது அது சிரிப்பாக மாறியது என்று எனக்கே தெரியாது. பின்னால் அத்தானின் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "என்னையும் பிடி தங்கச்சி, எனக்கும் பயம்தான்" என்று இறங்கி வந்தார். அத்தான் கடைசிவரை வானுக்குள்ளேயே இருந்தார். நானும் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் கடல் என்றதும் யாராவது முகத்தைச் சுளித்தால் அந்த ஞாயிறுதான் ஞாபகம் வரும்: என் அப்பாவை எடுத்த கடலுக்கு என் மகளின் சிரிப்பையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.