குணா அண்ணன் கொண்டுவந்த செம்பா

குணா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வந்தது. ஒரகடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் மெயின்டெனன்ஸ் குணசேகரன். எனக்கு, செம்பா ஆடக் கற்றுக்கொடுத்த மனிதர்.

அங்கோலாவுக்கு ஏற்றுமதியான வண்டிகளைக் கவனிக்கக் கம்பெனி அவரை இரண்டு வருடம் லுவாண்டாவில் வைத்திருந்தது. மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து டிவி கொண்டுவருவார்கள். இவர் ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஆணும் பெண்ணும் அணைத்தபடி ஆடும் அந்த ஊர்ப் பழைய ஆட்டம். கேன்டீன் தட்டில் தாளம் போட்டுக் காட்டுவார். "ஜனங்கள அடிமையா கப்பல்ல ஏத்திக்கினு போனானுங்க. தாளத்த எவனாலயும் புடுங்க முடியல. பிரேசில் சம்பா டான்ஸுக்கே இதான்டா தாய்னு அங்க சொல்றாங்க" என்பார். எதற்கும் சிரிக்கிற மனிதர், அதைச் சொல்லும்போது சிரித்ததில்லை.

மனைவி செல்விக்குச் சொல்லித்தருவதற்கு முன் பழகிப் பார்க்க அவருக்கு ஒரு ஜோடி தேவைப்பட்டது. குள்ளன் நான் மாட்டினேன். சாப்பாட்டு இடைவேளையில் ஷெட்டுக்குப் பின்னால் ஆடினோம். கேலி செய்யாத ஆளில்லை. கடைசியில் எனக்குப் பெண் பாகம் மட்டுமே தெரிந்தது.

அதன்பின் மண்ணூர் வீட்டில் ஞாயிறு காலைதோறும் அவரும் செல்வி அண்ணியும் ஆடுவார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அவருக்கு ஒரே கவலைதான். "இது ஜோடி ஆட்டம்டா. நான் பூட்டா அவ யார்கூட ஆடுவா?" என்று கேட்டார். நான் போனஸ் பற்றிப் பேசி மழுப்பினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சில வாரங்களில் என் மனைவி மாலாவை வரச்சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுக்கு ஆண் பாகத்தைக் கற்றுக்கொடுத்தார். "உன் வூட்டுக்காரனுக்கு முன்னாடி போகத் தெரியாதும்மா. நீ இட்டுக்கினு போ" என்று என்னைக் கிண்டலடித்தார். எனக்காகத்தான் இந்தப் பாடு என்று நம்பினேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி பாட்டைப் போட்டுவிட்டு நடுவீட்டில் தனியாக நின்றார். நான் எழுந்து, திரும்ப உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததும் அண்ணி ஆடுகிற பெண் பாகம்தானே. மாலா எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கதவைச் சாத்தட்டுமா அண்ணி?" என்றேன்.

"இன்னாத்துக்கு? தொறந்தே கெடக்கட்டும்."

அண்ணி அழுதுகொண்டே ஆடினார். கால் பிசகவில்லை. அண்ணன் யாருக்காக மாலாவுக்குச் சொல்லித்தந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது ஞாயிறுகளில் முதல் பாட்டு அண்ணிக்கு. அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பெண் பாகம். இரண்டாவது பாட்டில், மாலா கூட்டிப்போகிற பக்கமெல்லாம் அதை ஆடுகிறேன்.